வட்டக்கச்சியா, வவுனியாவா?

வணக்கம் அண்ணா,

நாங்கள் கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருக்கிறோம். 2010 இல் முகாமிலிருந்து திரும்பி வந்து இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, இரண்டு அறை. கட்டும்போது ஒரு பிள்ளை, இப்போது மூன்று, தைக்கு நாலாவது. மாமியும் எங்களோடுதான். மூத்தவள் விறாந்தையில் பாய் போட்டுப் படிக்கிறாள். இவருக்கு வவுனியாவில் அரச வேலை, கிழமைக்கு ஒருக்கால்தான் வருவார். அங்கே இரண்டு பரப்பு (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) காணியோடு ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது. எங்கள் காணி முக்கால் ஏக்கர், மாமியின் பெயரில் பெர்மிட். எடுக்க ஒருவர் தயார், அற்றோணி (அதிகாரப் பத்திரம்) எழுதித் தந்தால் போதும் என்கிறார். மாமி ஒன்றும் சொல்வதில்லை. போகலாமா, இருக்கலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

இருங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் அந்த அற்றோணிக் கதையை விடுங்கள். பெர்மிட் காணி அரசாங்கக் காணி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாமிக்குக் கிடைத்திருப்பது அதில் இருந்து பயிர் செய்யும் உரிமை. அதை நினைத்தபடி விற்க முடியாது. அற்றோணி எழுதிக் கொடுத்தால் உரித்து மாறாது, நிபந்தனையை மீறியதாக யாராவது முறையிட்டால் பெர்மிட்டே ரத்தாகலாம், அப்போது வாங்கியவர் காசைத் திருப்பிக் கேட்டு வவுனியாவுக்கு வந்து நிற்பார். இந்தச் சிக்கல் தெரிந்துதான் இப்படியான காணிகளை அடிமட்ட விலைக்குக் கேட்கிறார்கள். அந்தக் காசு வவுனியா வீட்டுக்குக் காணாது, மிச்சத்துக்குக் கடன் எடுப்பீர்கள், தேங்காய், முருங்கைக்காய், முட்டை எல்லாம் அங்கே கடைச் சாமான் ஆகிவிடும்.

மாமியின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுக்கவேண்டாம். 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்து, முகாமில் இருந்து, பற்றை மண்டிக் கிடந்த வளவுக்குத் திரும்பி வந்த மனிசி. மகன் பக்கத்தில் இல்லாத நேரம் நீங்கள் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

இட நெருக்கடி உண்மைதான். வீட்டுத்திட்டத்தில் தந்த 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயில் 550 சதுர அடி வீடு, அதை முடிக்கவே எத்தனை பேர் நகையை அடைவு வைத்தார்கள் என்று எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன், நீங்கள் அந்தக் குசினிக்குள்ளா சமைக்கிறீர்கள்? பலர் வீட்டில் பின்னால் கொட்டிலில்தான் விறகடுப்பு, குசினியில் நெல்மூட்டையும் சைக்கிளும் நிற்கும். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் அதைத் துப்புரவாக்கி, மூத்தவளுக்கு ஒரு மேசையும் லைற்றும் போட்டுக் கொடுங்கள், இந்தக் கிழமையே செய்யலாம். பின்பக்கம் ஒரு சாய்ப்புப் பத்தி இறக்கினால் சமையலுக்குப் போதும். புதிய அறைக்கு இப்போது அத்திவாரம் வெட்டவேண்டாம், மழை தொடங்கினால் கிடங்கில் தண்ணீர் நிற்கும், பிள்ளையும் பிறக்கப்போகிறது. காலபோக நெல் வெட்டு முடிந்து மாசி, பங்குனியில் மேசனைப் பிடியுங்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது உங்கள் வளவுக்குள் தண்ணீர் வந்ததென்றால், அது நின்ற உயரத்துக்கு மேலே அத்திவாரத்தைத் தூக்கச் சொல்லுங்கள்.

இதில் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருப்பது உங்கள் கணவர் கிழமைக்கு ஒருக்கால் வருவதுதான். கைப்பிள்ளையோடு நாலு பேரையும் இரவில் தனியே பார்ப்பது லேசான காரியமில்லை, மாமியால் எவ்வளவு முடியும்? அவர் கிளிநொச்சிக்கு இடமாற்றம் கேட்டு இப்போதே விண்ணப்பிக்கட்டும். அது கிடைக்கும்வரை கிழமை நடுவிலும் ஒரு இரவு வீட்டுக்கு வரவேண்டும். ஏ9 வீதியில் பஸ் ஓடுகிறது, கிளிநொச்சிக்கு ரயிலும் 2013 இலிருந்து வருகிறது, களைப்பாக இருந்தாலும் வரத்தான் வேண்டும். இடமாற்றம் கிடைக்கவே இல்லை என்றால், காணியைத் தொடாமல், வவுனியாவில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து ஒரு வருடம் இருந்து பாருங்கள், ஆனால் அந்த நாட்களில் மாமியோ வேறு யாரோ வளவில் இருக்கவேண்டும், வெறுமையாகக் கிடக்க விடக்கூடாது.

இன்னொன்று, பெர்மிட்டில் பின்னுரித்தாளரின் (மாமிக்குப் பிறகு காணி சேரவேண்டியவரின்) பெயர் பதிந்திருக்கிறதா? பிரதேச செயலகத்தில் காணிக் கிளையில் கேளுங்கள். பதியவில்லை என்றால் மாமியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிடுங்கள், கணவருக்குச் சகோதரங்கள் இருந்தால் அவர்களுக்கும் முதலே சொல்லிவிட்டு.