தண்டல் வட்டி 0 சதவீதமா?

மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். எக்செலில் வட்டி, தவணை போடுவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் கடன் கணக்குதான்.

கேள்வி: அண்ணே, மாட்டுத்தாவணியில் மல்லிப்பூ வாங்கிச் சில்லறைக்கு விற்கிறேன். தண்டல்காரர் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 8,500தான் கையில் தருகிறார். தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். 15 சதவீதம்தானே என்கிறார். வட்டி விகிதம் காணும் ரேட் (RATE) ஃபங்ஷனில் போட்டால் 0% வருகிறது. எது சரி?

இரண்டுமே இல்லை தம்பி. நீங்கள் போட்டது =ரேட்(100,-100,8500) என்றால் ஃபார்முலா சரிதான். எக்செல் அந்தக் கட்டத்தைத் தசமம் இல்லாத சதவீதமாகக் காட்டுகிறது, அதனால்தான் 0%. தசமத்தைக் கூட்டிப் பாருங்கள், 0.33% வரும். அது ஒரு நாள் வட்டி! 365 ஆல் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 121 சதவீதம்.

நம்ப முடியவில்லையா? 8,500 ரூபாய் 100 நாளும் உங்களிடம் இருக்கவில்லை. மறுநாளே திருப்ப ஆரம்பித்துவிடுகிறீர்கள். சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் இருந்தது 4,500 ரூபாய் சொச்சம்தான். அதற்கு 100 நாளில் 1,500 வட்டி. மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்று கேட்டால் பயப்படுகிறோம்; அதுவே ஆண்டுக்கு 36தான். தண்டலில் வட்டி என்ற சொல்லே வராததால் யாரும் பயப்படுவதில்லை.

கேள்வி: சார், திருமங்கலத்தில் இருந்து. 5 லட்சம் கடன், 9 சதவீதம், 60 மாதம். பிஎம்டி (PMT) ஃபங்ஷனில் போட்டால் மாசத் தவணை 45 லட்சம் என்கிறது.

வட்டி இடத்தில் வெறும் 9 போட்டிருக்கிறீர்கள். மாதம் 900 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது, பாவம். =பிஎம்டி(9%/12,60,500000) என்று போடுங்கள், -10,379 வரும். தவணை மாதக் கணக்கு என்றால் வட்டியும் மாதக் கணக்காக இருக்கணும். கைக்கு வருவது கூட்டல், கையை விட்டுப் போவது கழித்தல்.

கேள்வி: பைக் லோன் 1 லட்சம், ஃப்ளாட் 12 சதவீதம், 24 மாதம். மலிவுதானே?

ஃப்ளாட் என்றால் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் கடைசி வரை முழு 1 லட்சத்துக்கும் வட்டி. தவணை 5,167. ரேட்டில் போட்டு 12 ஆல் பெருக்குங்கள்: 21.5 சதவீதத்துக்கு மேல். தண்டலின் தம்பி இது.

கேள்வி: ஐயா, மேலூரில் மாவு மில் வைக்க 2 லட்சம் ஆகும். செலவு போக ஆண்டுக்கு 60,000 வீதம் 5 வருடம் வரும் என நினைக்கிறேன். வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பைக் காட்டும் என்பிவி (NPV) ஃபங்ஷனை 10 சதவீதத்தில் போட்டேன், 24,952. நண்பர் 27,447 என்கிறார்.

நண்பர் சொல்வதே சரி. என்பிவி, முதல் கட்டத்தில் உள்ள தொகையே ஒரு வருடம் கழித்துத்தான் வரும் என்று வைத்துக்கொள்ளும். நீங்கள் மிஷின் வாங்கும் 2 லட்சமோ இன்றைக்கே போகிறது. அதை வெளியே வைத்து =என்பிவி(10%,பி3:பி7)+பி2 என்று எழுதுங்கள்; பி2-வில் -200000, பி3 முதல் பி7 வரை ஐந்து வருட வரவு. அப்புறம், மிஷின் நான்கு வருடம்தான் ஓடும் என்று போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட 9,800 ரூபாய் நஷ்டம். ஃபார்முலாவில் மூளையைச் செலவழிப்பதைவிட, பக்கத்துத் தெருவில் இன்னொரு மில் வருமா என்று விசாரிப்பது மேல்.

கேள்வி: உசிலம்பட்டியில் ஏலச்சீட்டு போட்டு, நடுவில் எடுத்துவிட்டேன். போட்ட பணம், வந்த பணத்தை வைத்து வட்டி விகிதம் காணும் ஐஆர்ஆர் (IRR) ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது, அண்ணே.

வராதுதான். எடுக்கும் வரை நீங்கள் கடன் கொடுத்தவர், எடுத்த பிறகு கடன் வாங்கியவர். கழித்தல், கூட்டல், மறுபடி கழித்தல் என்று குறி இரண்டு முறை மாறினால் ஐஆர்ஆருக்கு இரண்டு விடை இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். அதை விட்டுவிட்டு, எடுத்த பணத்தை வெளியில் கடனாக வாங்கியிருந்தால் மாதம் என்ன வட்டி ஆகியிருக்கும் என்று பாருங்கள். அந்த வட்டியில் என்பிவி போடுங்கள். கூட்டலில் வந்தால் சீட்டு லாபம், கழித்தலில் வந்தால் வெளிக்கடனே தேவலை. மாதாமாதம் தள்ளுபடி போக எவ்வளவு கட்டினீர்கள் என்பதைச் சீட்டு நோட்டைப் பார்த்துத் தனித்தனியாக எழுதுங்கள். சராசரி போட்டால் கணக்கு கெட்டுவிடும்.