வங்கிக் கணக்கு வழியாகக் கிரிப்டோ வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஹட்டனில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் வேலை செய்கிறேன். மாதாமாதம் மிச்சம் பிடிக்கும் பணத்தில் கொஞ்சம் கிரிப்டோ வாங்க நினைத்தேன். டெபிட் கார்டைப் போட்டால் வங்கி மறுத்துவிடுகிறது. "கார்டு வேண்டாம், சாதாரணமாக ஒருவருடைய வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பியே வாங்கலாம்" என்கிறான் நண்பன். இது சரியா? பணம் பத்திரமா?

பதில்: உங்கள் கார்டில் கோளாறு எதுவும் இல்லை, தம்பி. மத்திய வங்கியின் வெளிநாட்டுச் செலாவணித் திணைக்களம் 2021இல் விடுத்த பணிப்புரைப்படி, டெபிட் கார்டையோ கடனட்டையையோ கொண்டு கிரிப்டோ போன்ற மெய்நிகர் நாணயம் வாங்க அனுமதி கிடையாது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த பணிப்புரை அது. கிரிப்டோ வியாபாரம் நடத்த எந்த நிறுவனத்துக்கும் தான் அனுமதிப்பத்திரம் வழங்கவில்லை என்பதையும் 2018, 2021, 2022ஆம் ஆண்டுகளில் விடுத்த அறிவித்தல்களில் மத்திய வங்கி பொதுமக்களுக்குச் சொல்லியிருக்கிறது. கிரிப்டோவைக் கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கும் தனிச் சட்டம் இல்லை. ஆனால் வங்கி வைப்புக்கு இருக்கும் மேற்பார்வையும் காப்பும் இதற்குக் கிடையாது. நட்டப்பட்டால் நட்டம் உங்களுடையது.

நண்பர் சொல்லும் வழி, ஆளுக்கு ஆள் விற்பது. வெளிநாட்டில் இயங்கும் பரிமாற்றத் தளங்கள் இதற்கென்று ஒரு சந்தையையே நடத்துகின்றன. பெரும்பாலும் விலைபோவது யுஎஸ்டிடி என்ற நாணயம். அதன் மதிப்பு ஒரு அமெரிக்க டொலரை ஒட்டியே நிற்கும். குருணாகலிலோ கொழும்பிலோ இருக்கும் ஒருவர் தன்னிடமுள்ள யுஎஸ்டிடியை விற்க விலை போட்டிருப்பார். நீங்கள் வாங்குவதாக அழுத்தியதும் அந்த நாணயத்தைத் தளம் பூட்டி வைத்துவிடும். திரையில் நேரம் குறையத் தொடங்கும். விற்பவரின் பெயர், வங்கி, கணக்கு இலக்கம் வரும். நீங்கள் உங்கள் வங்கிச் செயலிக்குப் போய் ரூபாயை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, "பணம் செலுத்திவிட்டேன்" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அவர் தன் கணக்கைப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்துவிடுவார்.

இதில் உங்கள் ரூபாய் அந்தத் தளத்தைத் தொடுவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது நேரே முன்பின் தெரியாத ஒருவரின் சேமிப்புக் கணக்குக்குள் போகிறது. உங்கள் வங்கியின் பதிவில் நீங்கள் இன்னாருக்குப் பணம் அனுப்பினீர்கள் என்று மட்டுமே இருக்கும். நாணயத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. நாளை தகராறு வந்தால் பணம் போனதற்கு வங்கியில் சாட்சி உண்டு, எதற்காகப் போனது என்பதற்குச் சாட்சி இல்லை. ஆகவே, பணம் யாருடைய பெயருக்குப் போகிறது என்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்கச் சொல்வேன். தளத்தில் உறுதிப்படுத்தப்பட்டிருக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "இன்று என் கணக்கில் வரம்பு முடிந்துவிட்டது, மச்சானுடைய கணக்குக்குப் போடுங்கள்" என்று செய்தி வந்தால், பேச்சை வளர்க்காமல் அந்த இடத்திலேயே இரத்துச் செய்துவிடுங்கள். "வாட்ஸ்அப்புக்கு வாருங்கள், ஐந்து ரூபாய் குறைத்துத் தருகிறேன்" என்பவரையும் அப்படியே விடுங்கள். தளத்தை விட்டு வெளியே வந்தால் அந்தப் பூட்டு உங்களுக்கு இல்லை. வங்கிகளுக்கிடையிலான உடனடிப் பரிமாற்றத்தில் பணம் நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். போன பணத்தை வங்கி தன் இஷ்டத்துக்குத் திருப்பி எடுக்க முடியாது.

சில விற்பனையாளர்கள், குறிப்பு எழுதும் இடத்தில் "கடன்" என்றோ "சாமான் காசு" என்றோ எழுதச் சொல்வார்கள். வங்கியிலிருந்து அழைத்துக் கேட்டால் அந்தப் பொய்யை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும். எழுதாதீர்கள்.

விலையையும் பாருங்கள். வங்கியில் டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சந்தையில் 308க்கு விற்பார்கள், உங்களிடமிருந்து 302க்கு வாங்குவார்கள். 50,000 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைப்பது 162 யுஎஸ்டிடியும் சொச்சமும். அன்றே திருப்பி விற்றால் கைக்கு வருவது ஏறத்தாழ 49,000. சந்தை இம்மியும் அசையாமலே ஆயிரம் ரூபாயளவு போய்விட்டது. 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபாய்.

உங்கள் சொந்த உழைப்பில், முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பு அணையாது என்ற அளவில் ஒரு தொகையை நீங்கள் இதில் போட்டால் அது உங்கள் முடிவு. அடகு வைத்த நகையின் பணம், சீட்டுப் பணம், அம்மாவுக்கு வந்த சேமலாப நிதி இவற்றிலிருந்து ஒரு சதமும் இதற்குள் போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கேள்வி: தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய பணத்தில் மூன்று இலட்சத்தை ஒரு கிரிப்டோ செயலியில் போட்டோம். வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் தரும் வங்கிக் கணக்குக்குத்தான் பணம் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர். முதல் மாதம் பத்தாயிரம் எடுக்க முடிந்தது. இப்போது செயலியில் பதினொரு இலட்சம் காட்டுகிறது. எடுக்கக் கேட்டால் முதலில் 15 வீதம் வரி கட்டச் சொல்கிறார்கள். நகையை வைத்துக் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பதினொரு இலட்சத்தில் 15 வீதம் என்றால் 1,65,000 ரூபாய். அதையும் கட்டிய பிறகு "கணக்கைத் திறக்கக் கட்டணம்", "தாமதக் கட்டணம்" என்று அடுத்தது வரும். உங்கள் பணம் உண்மையாகவே அங்கே இருந்தால், வரியை அதிலிருந்தே கழித்துக்கொண்டு மீதியைத் தருவதில் அவர்களுக்கு என்ன கஷ்டம்? இலங்கையில் வரி கேட்பது உள்நாட்டு இறைவரித் திணைக்களம். அது முகம் தெரியாத ஒருவரின் சேமிப்புக் கணக்கில் வரியைப் போடச் சொல்லாது.

செயலியில் தெரியும் பதினொரு இலட்சம், அவர்களே எழுதிய இலக்கம். அதை நாளைக்கே ஐம்பது இலட்சமாகவும் காட்ட அவர்களால் முடியும். முதல் மாதம் உங்களுக்குக் கிடைத்த பத்தாயிரம், உங்களைப் போலவே வேறொரு வீட்டிலிருந்து வந்த பணம். அந்தப் பத்தாயிரத்தைப் பார்த்துத்தானே மிச்சத்தையும் போட்டீர்கள்? அதற்காகவே அதைத் தருகிறார்கள்.

ஆள் சேர்த்தால் தரகு என்று உங்களிடம் சொல்லியிருந்தால் விடயம் இன்னும் பாரதூரமானது. எம்டிஎஃப்இ, ஸ்போர்ட் செயின், ஒன்மாக்ஸ் டிடி ஆகிய பெயர்களை மலையகத்திலும் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இவற்றை, புதிதாகச் சேருபவர்களின் பணத்திலிருந்தே பழையவர்களுக்குக் கொடுக்கும் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் மத்திய வங்கி 2023இல் சேர்த்து வெளியிட்டது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவுப்படி, இத்தகைய திட்டத்தைத் தொடங்குவதும் விளம்பரப்படுத்துவதும் நடத்துவதும் தண்டனைக்குரிய குற்றம். நீங்கள் யாரையாவது சேர்த்திருந்தால் இன்றே அவர்களிடம் சொல்லி நிறுத்துங்கள்.

குழுவை விட்டு வெளியேற அவசரப்பட வேண்டாம். முதலில் குழுவின் உரையாடல், பணம் போடச் சொல்லி வந்த கணக்கு இலக்கங்கள், பெயர்கள், தொலைபேசி எண்கள், செயலியின் திரை எல்லாவற்றையும் படம் பிடித்து வேறொரு தொலைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். பிறகு வங்கிக் கிளைக்குப் போய், ஒவ்வொரு பரிமாற்றத்தின் திகதியும் குறிப்பு இலக்கமும் உள்ள கூற்றை வாங்கிக்கொண்டு, மோசடி என்று எழுத்தில் கொடுங்கள். கடைசியாகப் பணம் போட்டது நேற்றோ இன்றோ என்றால் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்க வேண்டாம். எதிர்க்கணக்கில் பணம் மிச்சம் இருந்தால் அதை நிறுத்த ஒரு வாய்ப்பு உண்டு. அடுத்தது பொலிஸ் முறைப்பாடு. இணைய மோசடிகளை விசாரிக்கக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றப் பிரிவு இருக்கிறது. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இலக்கத்திலும் வழி கேட்கலாம்.

நமது பக்கத்துப் பொலிஸ் நிலையங்களில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையொப்பம் கேட்பது நடக்கிறது. உங்கள் முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க அரசியலமைப்பே உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. வீட்டிலேயே தமிழில் எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். எந்தக் கணக்கு இலக்கத்துக்கு எந்தத் திகதியில் எவ்வளவு போனது என்பது ஒரு எழுத்துப் பிழையில் மாறினால் பிறகு முழு விசாரணையும் தடுமாறும்.

இனி உங்களைத் தேடி இன்னொரு கூட்டம் வரும். "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முற்பணம் மட்டும் போதும்" என்பார்கள். ஏமாந்தவர்களின் எண்கள் அவர்களுக்குள் கைமாறுகின்றன. ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அம்மாவிடம் மறைக்கவும் வேண்டாம். விடயம் தெரியாமல் அவர் அடுத்த மாதமும் அனுப்பினால், அந்தப் பணமும் இதே வழியில் போக இடமிருக்கிறது.

கேள்வி: ஒரு பிட்கொயின் கோடிக்கணக்கில் விலை என்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு எப்படி வாங்க முடியும்? (மஸ்கெலியா)

பதில்: முழுதாக வாங்க வேண்டியதில்லை. ஒரு பிட்கொயினைப் பத்துக் கோடிப் பங்காகப் பிரிக்கலாம். உலகில் மொத்தமாகவே 2 கோடியே 10 இலட்சம் பிட்கொயின்தான் உருவாகும் என்பது அதன் விதி. அதனால் விலை ஏறிக்கொண்டே போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: 2021 நவம்பரில் 69,000 டொலரை நெருங்கிய அதே பிட்கொயின், ஓராண்டில் 17,000க்கும் கீழே விழுந்தது.

கேள்வி: பண்டாரவளையில் வசிக்கிறேன். வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் என் வங்கிக் கணக்கைக் கேட்கிறார். கணக்குக்கு வரும் பணத்தை அவர் சொல்லும் கணக்குக்கு மாற்றிவிட்டால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் தருவாராம். "கிரிப்டோ வியாபாரம்தான், பயப்பட வேண்டாம்" என்கிறார்.

பதில்: பயப்படுங்கள். மேலே தலவாக்கலைச் சகோதரி பணம் போட்டாரே, ஒவ்வொரு தடவையும் வேறு பெயரில் ஒரு கணக்கு, அந்தப் பெயர்களில் ஒன்றாக உங்களை ஆக்கத்தான் இவர் கேட்கிறார்.

இன்னொரு விதமாகவும் நடக்கும். மோசடிக்காரன் முகநூலில் இல்லாத ஒரு தொலைபேசியை விற்பதாக விளம்பரம் போடுவான். வாங்க வருபவரிடம் உங்கள் கணக்கு இலக்கத்தைக் கொடுப்பான். அவர் தொலைபேசிக்கென்று பணம் போடுவார். நீங்கள் அதைக் கிரிப்டோவுக்கு வந்த பணம் என்று நினைத்து மாற்றிவிடுவீர்கள். தொலைபேசி வராததும் அவர் பொலிசுக்குப் போவார். பொலிசாரின் கையில் இருக்கும் ஒரே பெயர் உங்களுடையது. யுஎஸ்டிடி விற்பவர்களும் இப்படித்தான் மாட்டுகிறார்கள். நாணயம் வாங்குபவரின் பெயர் ஒன்று, பணம் வந்த கணக்கின் பெயர் வேறொன்று என்றால் பூட்டைத் திறக்காமல் தளத்தின் உதவிப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும்.

சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டிய கடமை வங்கிகளுக்கு உண்டு. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. வேலையில்லாத ஒருவரின் கணக்கில் இலட்சங்கள் வந்து பத்து நிமிடத்தில் வெளியே போனால் அது கண்ணில் படாமல் இருக்காது. கணக்கு முடங்கினால், பிறகு வேலை கிடைத்துச் சம்பளம் வரும்போதும் அந்தத் தொல்லை தொடரும். ஏற்கெனவே கணக்கைக் கொடுத்திருந்தால் கிளைக்குப் போய் நடந்ததை நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். ஏடிஎம் கார்டும் இரகசிய இலக்கமும் அவரிடம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர், நுவரெலியா. 2022இல் ரூபாய் விழுந்தபோது பட்டது போதும். டுபாயில் இருக்கும் மகன், சேமிப்பை யுஎஸ்டிடியாக வைத்தால் டொலராகவே இருக்கும் என்கிறான். செய்யலாமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது, ஐயா. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஆனால் அன்று பயத்தில் 360க்கு வாங்கி வைத்தவர், டொலர் 300க்குத் திரும்பியபோது ரூபாய்க் கணக்கில் ஆறில் ஒரு பங்கை இழந்தார். யுஎஸ்டிடிக்குப் பின்னால் நிற்பது ஒரு தனியார் நிறுவனம். அதை வைத்திருக்கும் தளமும் தனியாருடையது. எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய தளம் 2022 நவம்பரில் முறிந்தபோது, அதில் பணம் வைத்திருந்த பலரால் தங்கள் நாணயத்தை எடுக்க முடியவில்லை.

மகன் வெளிநாட்டில் உழைப்பதால் உங்களுக்கு நேரான வழி இருக்கிறது. நமது வங்கிகளிலேயே தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து, மகன் அனுப்பும் டொலரை டொலராகவே வைத்திருக்கலாம். வட்டியும் உண்டு. வங்கியோடு பிரச்சினை என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். ஓய்வுகாலச் சேமிப்பை நீங்கள் அங்கேயே வையுங்கள்.

கேள்வி: இராகலையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் தம்பி ஒருவர் எனக்குக் கிரிப்டோ பணப்பை திறந்து தந்தார். அப்போது திரையில் வந்த பன்னிரண்டு சொற்களை அவர் தன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். "தொலைந்தால் நான் தருகிறேன்" என்கிறார். பரவாயில்லையா?

பதில்: அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ பணப்பை அவருடையது. கடவுச்சொல்லும் வேண்டாம், உங்கள் தொலைபேசியும் வேண்டாம். எந்த ஊரிலிருந்தும் திறந்து எடுத்துவிடலாம். அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும், கொப்பி கடையில்தானே கிடக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்து வாங்கினாலும் போதாது. வீட்டில் தனியாக இருந்து புதிய பணப்பை ஒன்றைத் திறந்து, புதிய சொற்களைத் தாளில் எழுதி, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள். தொலைபேசியில் படம் எடுத்து வைக்க வேண்டாம். பழைய பணப்பையிலுள்ள நாணயத்தைப் புதியதற்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது இரண்டு பக்கமும் ஒரே வலையமைப்பா என்று பாருங்கள். யுஎஸ்டிடி அனுப்பும் வலையமைப்புகளில் ஒன்றான டிஆர்சி 20 என்றால் இரண்டிலும் டிஆர்சி 20 ஆக இருக்க வேண்டும். முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பி, அது வந்து சேர்ந்ததைக் கண்ட பிறகு மிச்சத்தை அனுப்புங்கள்.