அப்பாவின் மெடல்கள் என்ன சொல்கின்றன?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "என் அப்பா 1962 முதல் 1977 வரை இந்தியக் கடற்படையில் மாலுமி. விக்ராந்த் கப்பலில் இருந்ததாகச் சொல்வார். அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் ஐந்து மெடல்கள் கிடைத்தன. ஒன்று நட்சத்திர வடிவில் 'பூர்வி ஸ்டார்'. இவை வீரதீரத்துக்குக் கொடுத்தவையா? அவருடைய பணி விவரங்களை எங்கே கேட்பது?"

அம்மா, முதலில் அந்த மெடல்களின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விளிம்பிலோ பின்புறத்திலோ பணி எண், பெயர், பதவி ஆகியவை பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். மெடலில் மிக மதிப்புள்ள இடம் அதுதான். 'எல்.எம்.இ.' என்று இருந்தால் அப்பா என்ஜின் பிரிவில் லீடிங் நிலை மாலுமி. 'எல்.எஸ்.' என்றால் லீடிங் சீமன், மேல்தளத்து ஆள். ஒரு மெடலில் ஒரு பதவியும் இன்னொன்றில் வேறு பதவியும் இருந்தால் குழம்ப வேண்டாம். இடையில் பதவி உயர்ந்திருக்கிறார்.

பூர்வி ஸ்டார் 1971 போரில் கிழக்குக் களத்தில் இருந்தவர்களுக்கானது. மேற்குக் களத்துக்குப் பஸ்சிமி ஸ்டார். விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்த் அப்போது வங்காள விரிகுடாவில்தான் இருந்தது. ஆகவே அப்பா சொன்னதும் இந்த நட்சத்திரமும் பொருந்துகின்றன.

விளிம்பில் என்ஜின் பிரிவு என்று இருந்தால், இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கப்பலின் நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். மீதி மூன்றை நம்பித்தான் போருக்குப் போனார்கள். சீஹாக் போர் விமானங்களைக் கப்பலின் தளத்திலிருந்து உந்தி எழுப்பிய கவண் பொறிக்கும் நீராவிதான் வேண்டும். 1971 டிசம்பர் 4 அன்று அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கக் கிளம்பிய ஒவ்வொரு விமானத்துக்கும் பின்னால், கீழே வெக்கையில் நின்றவர்களின் உழைப்பு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் வானத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மற்ற நான்கும் அநேகமாக இவையாக இருக்கும்; சுருக்கமாகச் சொல்கிறேன். 'சங்ராம்' 1971 போர்க்காலத்தில் பணியிலிருந்தவர்களுக்கும், 'ரக்ஷா' 1965 போர்க்காலத்தில் பணியிலிருந்தவர்களுக்கும் பரவலாகத் தரப்பட்டவை. 1972-இல் சுதந்திர வெள்ளிவிழா மெடல் வந்தது. ஒன்பது ஆண்டுப் பணிக்கும் ஒன்று உண்டு. தனிப்பட்ட வீரத்துக்கானவை வீர் சக்ரா, நவ் சேனா மெடல் போன்றவை. அவை இந்தப் பெட்டியில் இல்லாவிட்டாலும் அப்பாவின் பணி சிறியதாகிவிடாது. பதினைந்து ஆண்டுகள், இரண்டு போர்கள்.

எந்தக் கப்பலில் எப்போது இருந்தார் என்பதை மெடல் சொல்லாது. ஓய்வின்போது கொடுத்த பணிச் சான்றிதழைத் தேடுங்கள்; கப்பல்களும் தேதிகளும் அதில் வரிசையாக இருக்கும். அது கிடைக்காவிட்டால் மும்பை மான்கூர்டு, சீட்டா கேம்ப்பில் உள்ள, மாலுமிகளின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் பீரோ ஆஃப் செய்லர்ஸ் அலுவலகத்தின் கமடோருக்கு எழுதுங்கள். பணி எண், ஓய்வூதிய ஆணையின் நகல், இறப்புச் சான்றிதழ், நீங்கள் வாரிசு என்பதற்கான சான்று ஆகியவற்றை இணையுங்கள். பணி எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் கோப்பு கிடைக்காது. மெடல் விளிம்பைப் பார்த்துச் சரிபார்த்து எழுதுங்கள். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள்.

ஒரு வேண்டுகோள். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டு இவற்றைத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், விளிம்பிலுள்ள அப்பாவின் பெயர் தேய்ந்துவிடும். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, ரிப்பனோடு தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.