ஈராக்ல இருக்குற யாசிதிகள் முருக பக்தர்கள்னு சொல்றாங்களே, அவங்களோட லாலிஷ் கோயில் முருகன் கோயிலா?

கேள்வி கேட்டவருக்கும் அந்த வாட்ஸாப் ஃபார்வர்டு வந்திருக்கும்னு நினைக்கிறேன், பித்தளை விளக்கு, உச்சியில மயிலு, கீழ "ஈராக்கில் நம்ம முருகன்"னு போட்டு. எனக்கு சித்தப்பா, மச்சான், ஸ்கூல் க்ரூப்புன்னு மூணு பக்கமும் வந்துருச்சு. இல்லைங்க, அது முருகன் கோயில் இல்ல. யாசிதிகள்னா வடக்கு ஈராக் பக்கம் இருக்குற, குர்து மொழி பேசுற தனி மதத்துக்காரங்க. நானும் மூணு தைப்பூசத்துக்கு பழனிக்கு நடந்து போனவன்தான், அதனால கமெண்ட்ல வந்து என்னைய மதத்துரோகின்னு எழுதுறவங்க கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் படிச்சிட்டு எழுதுங்க.

நான் ரெண்டு வருஷம் வடக்கு ஈராக்ல டோஹூக்னு ஒரு ஊர் பக்கம் ஒரு கேட்டரிங் கம்பெனில சமையல் வேலை பாத்தேன். கிச்சன்ல ஹெல்பரா இருந்த பையன் யாசிதி, சிஞ்சார்காரன், அது யாசிதிகள் நெறைய இருந்த மலைப்பக்கம். 2014 ஆகஸ்ட் 3 ஐஎஸ்ஐஎஸ் உள்ள வந்தப்ப வீட்டோட மலை ஏறித் தப்பிச்சு வந்து, கேம்ப்ல டென்ட்ல இருந்தான். ஒருநாள் சாலட்டுக்கு லெட்டூஸ் நறுக்குடான்னா தொட மாட்டேங்கிறான். வேலைக்கு டபாய்க்கிறான்னு நினைச்சு நல்லா கத்திட்டேன். அப்புறம்தான் இன்னொருத்தன் சொன்னான், அவங்க ஆளுங்க லெட்டூஸ் சாப்பிட மாட்டாங்க உஸ்தா, அது அவங்களுக்கு ஆகாதுன்னு. உஸ்தான்னா நம்ம ஊரு மாஸ்டர். மறுநாள்லேர்ந்து வெள்ளரிக்கா அவனுக்கு, லெட்டூஸ் எனக்கு. அப்படித்தான் பழக்கமாச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை லீவுல அவனே என்னைய லாலிஷுக்குக் கூட்டிட்டுப் போனான். ரெண்டு பக்கமும் மலை, நடுவுல சின்ன பள்ளத்தாக்கு, மரத்துக்கு மேல மடிப்பு மடிப்பா கூம்பு கோபுரம். ஊருக்குள்ள நுழையும்போதே செருப்பக் கழட்டிரணும், கோயிலுக்கு மட்டும் இல்ல, தெரு, படி, முற்றம் எல்லாமே வெறுங்கால்தான். வாசப்படிய மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போகணும். இத நம்மாளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், எங்க ஆச்சி நிலைப்படியில கால் வச்சா கரண்டியாலயே போடும்.

மெயின் வாசலுக்குப் பக்கத்துல சுவத்துல ஒரு கறுப்புப் பாம்பு, ஆள் உசரத்துக்கு நெட்டுக்குத்தலா செதுக்கி கருகருன்னு இருக்கு. பையன் கதை சொன்னான், நூஹ் நபியோட, அதான் பைபிள்ல வர்ற நோவாவோட கப்பல் பிரளயத்துல மிதந்து வரும்போது சிஞ்சார் மலையில இடிச்சு ஓட்டை விழுந்துச்சாம், ஒரு பாம்பு வந்து தன் உடம்பச் சுருட்டி அந்த ஓட்டைய அடைச்சுச்சாம். "எங்க மலை உஸ்தா, எங்க மலையிலதான் இடிச்சுச்சு"ன்னு ரெண்டு தடவ சொன்னான். அந்த மலையிலதான் அவன் தண்ணி இல்லாம கெடந்தான், அத நான் கேட்டுக்கல.

உள்ள ஒரே இருட்டு, ஆலிவ் எண்ணெய் வாடை. தூண் எல்லாம் பட்டுத்துணி சுத்தி கலர் கலரா முடிச்சு. ஏற்கனவே யாரோ போட்ட முடிச்சு ஒண்ண அவுத்தா அவங்க வேண்டுதல் பலிக்கும், அப்புறம் நம்ம முடிச்சப் போடணும், நம்மது இன்னொருத்தர் வந்து அவுக்கணும். அடுத்த ரூம்ல ஷேக் அதி சமாதி, யாசிதிகள் ரொம்பப் புனிதமா மதிக்கிற பெரியவர். 1162 வாக்குல இறந்துபோனவரு, லெபனான் பக்கம் பொறந்து பாக்தாத்ல படிச்ச சூஃபி. இதுல முருகன் எங்கங்க வர்றாரு? மயில் இருக்கு, மறுக்கல. மெலெக் தாவூஸ்னு பேரு, ஏழு தேவதூதருக்குத் தலைவர். அந்த ஃபார்வர்டு விளக்கு மாதிரி இருக்குறது சஞ்சாக், அவரோட சின்னம், அத கவ்வால்கள்னு பாட்டுக்காரங்க ஊர் ஊரா கொண்டுபோய் வச்சுப் பாடுவாங்க.

இப்ப என் கேவலத்துக்கு வர்றேன். முற்றத்துல ஒரு பெரியவர் உக்காந்திருந்தாரு, பஹ்ஸானி ஊர் கவ்வால். கவ்வால்னா பரம்பரையா பாட்ட மனப்பாடம் பண்ணி வச்சிருக்குற ஆளுங்க. நான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி ஃபோன்ல பழனி முருகன் படத்தக் காட்டி, மயிலையும் காட்டி, எங்க சாமியும் உங்க சாமியும் ஒண்ணுதான்னு பையன விட்டு சொல்லச் சொன்னேன். அவரு ஃபோன வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு. அழகா இருக்காருன்னாரு. அப்புறம், இவருக்கு என்ன பாட்டு வச்சிருக்கீங்க, சொல்லுன்னாரு.

எங்க ஆச்சி தினம் சொன்ன கவசம். நாலு வரி வந்துச்சு, அதுக்கு மேல வரல. யூடியூப்ல போடலாம்னா அந்தப் பள்ளத்துல டவர் இல்ல.

அவரு சிரிக்கக்கூட இல்ல, அவங்க பாட்டச் சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. குர்மாஞ்சில, அதாவது அவங்க பேசுற குர்து மொழியில அவரு சொல்ல, பையன் அரைகுறை அரபில எனக்குச் சொன்னான். மொதல்ல ஒரு முத்து இருந்துச்சாம், அது ஒடைஞ்சு தண்ணியா ஓடி கடலாச்சாம், பூமி உறையவே இல்லையாம், லாலிஷ் எறங்கி வந்து விழுந்த பிறகுதான் தயிர் மாதிரி கெட்டியாச்சாம். அதாவது லாலிஷ்தான் உறைமோர். சமையக்காரனுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையா? அப்புறம் ஆதாமோட உடம்பு சும்மா கெடக்குது, உயிரு உள்ள போக மாட்டேங்குது, மேலேர்ந்து தஃப்பும் ஷிபாபும் வந்தாத்தான் போவேன்னு அடம். தஃப்னா கஞ்சிரா மாதிரி பெருசு, ஷிபாப் புல்லாங்குழல். இன்னைக்கும் கவ்வால் கையில இருக்குறது அந்த ரெண்டுதான்.

இந்தப் பாட்டு எல்லாம் எழுத்துல வந்ததே சமீபத்துலதான், எழுதக் கூடாதுன்னே வச்சிருந்தாங்க, 1979-ல ரெண்டு யாசிதிகளே அச்சுல கொண்டுவந்தாங்க. அதுக்கு முன்னாடி, நூறு வருஷத்துக்கு மேல இருக்கும், யாரோ "யாசிதி வேதம்"னு ரெண்டு கையெழுத்துப் புஸ்தகத்த வெளிய விட்டு அது போலின்னு பின்னாடி ஆராய்ச்சிக்காரங்க சொன்னாங்க. அப்பத்து ஃபார்வர்டு அது. சாத்தானக் கும்பிடுறவங்கன்னு மத்தவன் பேரு வச்சுத்தான் அவங்கள வெட்டுனான், நாம பாசமாத்தான் வைக்கிறோம், இருந்தாலும் நாமளும் பேருதான வைக்கிறோம்?

வேண்டுதல் என்னன்னு கேப்பீங்க. நான் யாரோ ஒருத்தரோட பச்சைத்துணி முடிச்ச அவுத்துட்டு என் முடிச்சப் போட்டேன், மூணு மாச சம்பள பாக்கி வரணும்னு. என்னைய அனுப்புன ஏஜென்ட் ஒண்ணேகால் லட்சம் வாங்கிட்டு, பாக்கி கேட்டா ஃபோனே எடுக்கல, திரும்பி வந்து ஆபீஸ் போனா அங்க பிரியாணிக் கடை. பிரியாணியும் கேவலம். இதப்பத்தி தனியா ஒரு பதில் எழுதணும். சம்பளம் இன்னும் வரல, முடிச்ச எவனும் அவுக்கலபோல.

போறதா இருந்தா சாக்ஸ் எடுத்துட்டுப் போங்க, விடுறாங்க. மத்தியானம் கல்லு அடுப்பு மாதிரி கொதிக்கும்.