எதிர்வீட்டு ஜப்பானியருக்கு ஆங்கிலம்: யெஸ், நோ குழப்பமும் முன்பணப் பொறியும்

கேள்வி: டோக்கியோவின் நிஷி-கசாயில் குடியிருக்கிறோம். எதிர்வீட்டு ஜப்பானிய அம்மையார் அன்றாட ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும்படி கேட்கிறார். இலக்கணம் தெரிந்தும் யெஸ், நோ சொல்வதிலேயே தடுமாறுகிறார். ஓர் உரையாடல் பள்ளியில் ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டவும் எண்ணுகிறார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: யெஸ், நோவிலிருந்தே தொடங்குங்கள். 'டிடின்ட் யூ ஈட்?' என்று கேட்டால், சாப்பிடாத ஜப்பானியர், நாம் 'ஆமாம், சாப்பிடவில்லை' என்பதைப் போலவே, கேட்டவர் நினைத்தது சரி என்ற பொருளில் யெஸ் என்பார்; கேட்டவரோ அவர் சாப்பிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்வார். கேள்வி எந்த வடிவில் வந்தாலும் செய்திருந்தால் யெஸ், செய்யாவிட்டால் நோ என்பதே விதி. ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் 'நோ, ஐ டிடின்ட்' என்று முழுதாகச் சொல்லப் பழக்குங்கள். நீங்களும் தமிழ் வழக்கில் வழுக்கிவிடாதீர்கள்.

'டு யூ மைண்ட்' என்று தொடங்கும் கேள்வியைத் தனியே சொல்லித்தர வேண்டும். ரயிலில் ஒருவர் 'டு யூ மைண்ட் இஃப் ஐ ஸிட் ஹியர்?' என்றால், உட்கார்ந்தால் உங்களுக்கு இடைஞ்சலா என்பதே கேள்வி. ஆகவே இடம் தர விரும்புபவர் 'நோ, நாட் அட் ஆல்' என்றுதான் சொல்ல வேண்டும். யெஸ் என்றால் உட்காராதே என்றாகிவிடும். ஆங்கிலேயர் பலர் 'ஷ்யூர்' என்று சொல்லி இடம் விடுவதும் உண்டு. ஆனால் கற்பவருக்கு அந்த வழி வேண்டாம், 'நாட் அட் ஆல்' போதும்.

அடுத்து, 'யூ ஹேட் பெட்டர்' என்பதைக் கைவிடச் சொல்லுங்கள். கனிவான அறிவுரை என்று பள்ளியில் படித்திருப்பார். கேட்பவர் காதில் அது எச்சரிக்கையாக விழும். 'மேபி யூ ஷுட்' போதும். முகவரி கேட்க 'டீச் மீ' அல்ல, 'குட் யூ டெல் மீ'. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ', 'த' (a, the) பிழைகளை இப்போதைக்குத் திருத்தாதீர்கள்.

இவ்வளவு படித்தவர் பேசத் தயங்குவதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிறுவனங்கள் பெரிதும் கேட்கும் டோயிக் (TOEIC) என்னும் ஆங்கிலத் திறன் தேர்வு கேட்டலையும் வாசித்தலையும் மட்டுமே சோதிக்கிறது. வாயே திறக்காமல் முழு மதிப்பெண்ணான 990ஐ வாங்கலாம். பேச்சுத் தேர்வு தனியாக இருந்தும் அதைக் கேட்பவர் குறைவு. இப்படி ஒரு முறையை வைத்துக்கொண்டு, பேச்சைக் கடையில் வாங்கிக்கொள் என்று அனுப்பினால் விற்பனையாளருக்குத்தான் கொண்டாட்டம்.

ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டாம். நாட்டிலேயே பெரிய உரையாடல் பள்ளியாக இருந்த நோவா 2007 அக்டோபரில் நொடித்தபோது, வகுப்புகளுக்கு மொத்தமாகப் பணம் கட்டியிருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். 'இன்று சேர்ந்தால் மட்டுமே தள்ளுபடி' என்பவரிடம் அன்றைக்குக் கையெழுத்திடவே கூடாது. ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், இரண்டு மாதத்தைத் தாண்டியதும் 50,000 யென்னுக்கு மேற்பட்டதுமான மொழிப் பயிற்சி ஒப்பந்தத்தை, ஒப்பந்தத் தாள் கைக்கு வந்த நாளையும் சேர்த்து 8 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். அதன் பிறகும் இடையில் விலகலாம்; வகுப்பு தொடங்கியிருந்தால், நடந்த வகுப்புகளுக்கான கட்டணம் போக, 50,000 யென் அல்லது மீதித் தொகையில் 20 சதவீதம், இரண்டில் குறைந்ததற்கு மேல் அபராதம் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. ரத்தை எழுத்தில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பள்ளி மழுப்பினால் நுகர்வோர் உதவி எண் 188ஐ அழைக்கட்டும்.