எந்தப் பெட்டிக்கு எந்த லினக்ஸ்? வாசகர் கேள்வி – பதில்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதற்கு மாற்றாக இலவசமாகப் போடக்கூடிய இயங்குதளம் லினக்ஸ்; மின்ட், உபுண்டு, டெபியன் என்று அதில் பல வகை உண்டு. 'எந்த லினக்ஸ் நல்லது?' என்று வாசகர்கள் பலர் ஒரே வரியில் கேட்டு எழுதுகிறார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே மதர்போர்டு, வைஃபை சிப், பிரிண்டர் மாடல் என்று விவரம் எழுதியவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வீட்டில் பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டர். ஜி31 மதர்போர்டு, இன்டெல் டூயல் கோர் இ5300, 2 ஜிபி ரேம். இப்போது 32 பிட் விண்டோஸ் 7 இருக்கிறது. ஆகவே 32 பிட் லினக்ஸ்தான் போட முடியும் என்கிறார் கடைக்காரர். பிள்ளைகள் படிக்க, வீடியோ பார்க்கத்தான்.
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: உள்ளே போட்டிருக்கும் விண்டோஸ் 32 பிட் என்பதற்காக பிராசஸரும் 32 பிட் ஆகிவிடாது. இ5300 நல்ல 64 பிட் சிப். அந்தக் காலத்தில் 2 ஜிபி ரேமுக்கு 32 பிட் விண்டோஸ் போதும் என்று போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். 64 பிட் லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 32 பிட் பக்கம் போனால் வழி குறுகிக்கொண்டே வரும். கூகுள் குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. 2025-ல் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது. ஆட்டம் என்270 போன்ற உண்மையான 32 பிட் சிப் வைத்திருப்பவர்களுக்கு டெபியன் 12 இருக்கிறது. அதற்கான நீண்டகாலப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2028 ஜூன் வரை.

ஆனால் 2 ஜிபியோடு விடாதீர்கள். சிஸ்டம் ஓடிவிடும், பிரவுசர்தான் மூச்சு வாங்கும். ஜி31 சிப்செட் அதிகபட்சம் 4 ஜிபி டிடிஆர்2 ரேம்தான் ஏற்கும். இரண்டு ஸ்லாட்டிலும் 2 ஜிபி ஒன்று வீதம். புதிதாகக் கிடைப்பது அரிது. பழைய பாகம் விற்கும் கடையில் கேளுங்கள். அடுத்து, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. இந்த போர்டில் அதன் முழு வேகம் கிடைக்காது. ஆனாலும் பழைய ஹார்டு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் முதல் முறை ஆன் செய்யும்போதே தெரியும்.

இரண்டு இடத்தில் சிக்குவீர்கள். ரூஃபஸ் என்ற மென்பொருளில் இன்ஸ்டால் செய்வதற்கான பென் டிரைவ் தயாரிக்கும்போது பார்ட்டிஷன் முறையை எம்பிஆர் என்று வையுங்கள், இந்த போர்டு யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையை அறியாதது. ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸின் அமைப்புத் திரையில், பூட் வரிசையில் 'யூஎஸ்பி' என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். பல ஜி31 போர்டுகள் பென் டிரைவையும் ஒரு ஹார்டு டிஸ்க்காகவே கணக்கில் எடுக்கும். 'ஹார்டு டிஸ்க் பிரையாரிட்டி' பட்டியலுக்குள் போய் அதை மேலே ஏற்ற வேண்டும். கையோடு மதர்போர்டு கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். தேதி 2008 என்று காட்டினால் பிரவுசர் எந்தத் தளத்தின் சான்றிதழையும் நம்பாது, அப்டேட்டும் இறங்காது. லினக்ஸ் கெட்டுப்போய்விட்டது என்று திரும்பவும் இன்ஸ்டால் செய்யத் தொடங்குவார்கள்!

கேள்வி: பன்னிரண்டாம் தலைமுறை இன்டெல் லேப்டாப், விண்டோஸ் 11. விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் உபுண்டு போட வேண்டும். இன்ஸ்டாலரில் பென் டிரைவ் மட்டும் தெரிகிறது, 512 ஜிபி எஸ்எஸ்டி தெரியவே இல்லை.
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: எஸ்எஸ்டி இன்டெல் விஎம்டி என்ற கண்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கிறது. பதினோராம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்கள் கம்பெனியிலிருந்து வரும்போதே இப்படித்தான் வருகின்றன. பழையவற்றில் இதே விஷயம் 'ஆர்எஸ்டி' என்ற பெயரில் இருக்கும். அதை பயாஸில் அணைக்க வேண்டும். நேராகப் போய் அணைத்தால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும், ஏனென்றால் அது பூட் ஆக அந்த டிரைவரைத்தான் நம்பியிருக்கிறது. வரிசை முக்கியம்.

முதலில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. 'நான் அதைப் போடவே இல்லையே' என்பீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்த விண்டோஸ் 11 பெரும்பாலும் தானாகவே 'டிவைஸ் என்கிரிப்ஷன்' போட்டுவிடுகிறது. பயாஸைத் தொட்டதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும். முதலில் அதைத் தாளில் எழுதிவையுங்கள். பிறகு செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்து, பூட்டு முழுவதும் அவிழும்வரை காத்திருங்கள். சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

அடுத்து விண்டோஸ் விசையும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்று அடித்துத் திறந்து, பூட் பகுதியில் 'சேஃப் பூட் – மினிமல்' டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் வருமுன் பயாஸுக்குள் போய் விஎம்டியை அணையுங்கள். ஏசரில் இந்த வரி கண்ணுக்கே தெரியாது: மெயின் பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வெளிவரும். பயாஸைச் சேமித்து வெளியேறினால் விண்டோஸ் சேஃப் மோடில் எழும். அப்போது சாதாரண டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். எம்எஸ்கான்ஃபிக்கில் அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் லாகினுக்கான நான்கு இலக்க 'பின்' எண் சில சமயம் வேலை செய்யாது. கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று தொடங்குமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். சி டிரைவைச் சுருக்கி 80 முதல் 100 ஜிபி வரை காலியாக விடுங்கள். அதில் புது டிரைவ் உருவாக்க வேண்டாம். 'பாதி இடம் காலியாக இருந்தும் 10 ஜிபிதான் சுருக்க முடியும் என்கிறது' என்றால் நகர்த்த முடியாத பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. அவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். அது இருந்தால் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் ஆகாது; விண்டோஸ் டிரைவை உபுண்டு படிக்கும், எழுதாது.

இன்ஸ்டாலரில் 'விண்டோஸ் பூட் மேனேஜருக்குப் பக்கத்தில்' என்ற வழியே போதும். கையால் பார்ட்டிஷன் பிரிப்பவர்கள் 100 அல்லது 260 எம்பி அளவில் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பயன்படுத்தலாம், ஃபார்மேட் செய்யக் கூடாது. ஃபார்மேட் செய்தால் விண்டோஸின் பூட் லோடர் அதோடு போய்விடும்.

எல்லாம் முடிந்த பிறகு விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. உபுண்டு டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளை (timedatectl set-local-rtc 1) மூலம் 'லோக்கல் ஆர்டிசி'யை 1 என்று வைத்தால் சண்டை தீரும்.

பூட் மெனு விசை: டெல், லெனோவோ, ஏசர் எஃப்12, ஹெச்பி எஃப்9, அசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-ஐ பயாஸில் இயக்கினால்தான் வேலை செய்யும்.

கேள்வி: ஹெச்பி லேப்டாப்பில் மின்ட் போட்டேன். எல்லாம் சரி, வைஃபை மட்டும் இல்லை. இன்டர்நெட் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் செருகி 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். எந்த டிரைவரும் இல்லாமல் உடனே இன்டர்நெட் வரும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளில் வராது. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) என்று அடித்தால் சிப்பின் பெயர் தெரியும். பிராட்காம் 4313, 43142 என்று வந்தால் டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது பரிந்துரைக்கும் பிராட்காம் டிரைவரைப் போடுங்கள். நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் 'செக்யூர் பூட்' இயங்கிக்கொண்டிருந்தால் இடையில் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட்டில் நீலநிற மெனு வரும்போது 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அந்த மெனுவைக் கவனிக்காமல் 'கன்டினியூ' தட்டிவிடுவதால்தான் 'டிரைவர் போட்டும் வைஃபை வரவில்லை' என்கிறார்கள்.

ரியல்டெக் 8723பிஇ என்று வந்தால் நோய் வேறு. வைஃபை வரும், ரௌட்டர் அருகில் மட்டும். அந்த மாடல்கள் பலவற்றில் ஆன்டெனா ஒன்றுதான் இணைத்திருக்கிறார்கள், டிரைவரோ இணைக்காத இன்னொரு ஆன்டெனாவைக் கேட்டுக்கொண்டிருக்கும். டிரைவர் அமைப்பில் ஆன்டெனா தேர்வை 1 அல்லது 2 என்று மாற்றிப் பாருங்கள். கார்டையே மாற்றலாம் என்று நினைத்தால், பழைய ஹெச்பிகளின் பயாஸ் தனக்குத் தெரியாத கார்டை ஏற்காது. சிறிய யூஎஸ்பி வைஃபை வாங்குவது நிம்மதி.

கேள்வி: பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப், 2 ஜிபி ரேம். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. இரண்டுமே இப்போது நகரவில்லை.
– வாசகர், போளூர்

பதில்: பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கியது. நீங்கள் அதிலேயே பழகியவர் என்றால் டெபியனும் அந்நியமாக இருக்காது. படங்கள், சான்றிதழ்களை வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு முழு டிஸ்க்கையும் அழித்துப் போடுங்கள். ரேம் வாங்குமுன் கீழ் மூடியைத் திறந்து, பழைய ரேமின் ஸ்டிக்கரைப் படியுங்கள். 'பிசி3எல்' என்றிருந்தால் 1.35 வோல்ட் ரகம், 1.5 வோல்ட் மட்டும் தாங்கும் 'பிசி3' ரேமைப் போட்டால் சில மாடல்கள் திரையே காட்டாது.

கேள்வி: டெஸ்க்டாப்பில் என்விடியா ஜிடி 710 கார்டு. பென் டிரைவிலிருந்து பூட் ஆகி, லோகோ வந்ததும் கறுப்புத் திரை.
– வாசகர், வாணியம்பாடி

பதில்: மின்ட்டின் முதல் மெனுவிலேயே 'கம்பாட்டிபிலிட்டி மோட்' இருக்கிறது, அதில் நுழையுங்கள். மற்ற லினக்ஸ்களில் மெனு வரியின் மேல் நின்று ஆங்கில 'இ' (E) விசை, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' (nomodeset) என்று ஆங்கிலத்தில் சேர்த்து எஃப்10. இன்ஸ்டால் ஆன பிறகு டிரைவர் மேனேஜரில் 470 வரிசை டிரைவர் கிடைத்தால் அதையே எடுங்கள். அதற்குப் பிந்தைய வரிசைகள் இந்த கெப்ளர் தலைமுறைக் கார்டை விட்டுவிட்டன. எண் பெரிதாக இருக்கிறதே என்று புதியதைப் போட்டால் மறுபடி கறுப்புத் திரைதான். மதர்போர்டிலேயே ஹெச்டிஎம்ஐ துளை இருந்து, கேம் ஆடும் பழக்கமும் இல்லையென்றால், கார்டைக் கழற்றி வைத்துவிடலாம்.

கேள்வி: ஜெராக்ஸ், டிடிபி கடை. கேனன் எல்பிபி2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020, எப்சன் எல் வரிசை இங்க் டேங்க். பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை. லினக்ஸுக்கு மாறலாமா?
– கடைக்காரர், ஆரணி

பதில்: முழுக்க மாற வேண்டாம். பேஜ்மேக்கர் விண்டோஸ் சரக்கு. உங்களிடம் சேர்ந்திருக்கும் பழைய பத்திரிகை மாதிரிகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அவற்றில் 'அ' என்று தெரிவது உள்ளே வேறொரு ஆங்கில எழுத்தின் இடம். அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸில் போட்டால் தமிழ் தெரியும், தேடவோ யுனிகோடில் ஒட்டவோ முடியாது. மாற்றி வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். அந்த ஒரு கம்ப்யூட்டரை இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு அப்படியே ஓட்டுங்கள். ஆன்லைன் விண்ணப்பம், பிரின்ட் எடுக்க வருபவர்களின் பென் டிரைவ் – இந்த வேலைகளை லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். வைரஸ் வரும் வாசல் அதுதான்.

பிரிண்டர்களில் எப்சன் எல் வரிசை சிக்கலில்லை. லேசர்ஜெட் 1020-க்குள் அதை இயக்கும் ஃபர்ம்வேர் நிரந்தரமாகக் கிடையாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அனுப்ப வேண்டும். ஹெச்பி பிரிண்டர்களுக்கான லினக்ஸ் மென்பொருளான ஹெச்பிலிப் அமைப்பில் அதற்கான 'பிளகின்' இறக்கினால் ஓடும். இல்லையென்றால் பிரிண்டர் இருப்பதாகக் காட்டும், தாள் நகராது. எல்பிபி2900-க்குத்தான் தலைவலி. கேப்ட் என்ற கேனனின் சொந்த முறையில் பேசும் பிரிண்டர் அது, அதன் லினக்ஸ் டிரைவர் பழசு. அதை விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிடுங்கள்.

தமிழ் தட்டச்சுக்கு, லினக்ஸில் மொழிகளைத் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் அமைப்பில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

கேள்வி: அலுவலகத்தில் டேலி மட்டும்தான். லினக்ஸ்?
– தோல் ஏற்றுமதி நிறுவனக் கணக்காளர், ஆம்பூர்

பதில்: வேண்டாம்.

கேள்வி: உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை 4-ஐ நூலகத்தில் கோப்புச் சர்வராக வைத்தோம். மெமரி கார்டு அடிக்கடி கெட்டுப்போகிறது. திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி.
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: மின்னல் குறி என்றால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது. போன் சார்ஜரைக் கழற்றுங்கள். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர். பை 5 வாங்கினால் 5 ஆம்பியர். கார்டு கெடுவதற்கு இன்னொரு காரணம் மின்வெட்டு: எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்பு அமைப்பு பாதியில் நிற்கும். கார்டை விட்டுவிட்டு யூஎஸ்பி 3 துளையில் எஸ்எஸ்டி செருகி அதிலிருந்தே பூட் செய்யுங்கள், பையை இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள். பழைய பை 4 என்றால் முதலில் கார்டில் பூட் செய்து பூட்லோடரை அப்டேட் செய்ய வேண்டியிருக்கும்.

சிஸ்டத்தை எஸ்எஸ்டியில் ஏற்றும் மென்பொருளான இமேஜரில் எழுதுமுன் பயனர் பெயர், பாஸ்வேர்டு, வேறு கம்ப்யூட்டரிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் மூன்றையும் அமைத்துவிடுங்கள். 'பை' என்ற பழைய பயனர் 2022-லிருந்து தானாக உருவாவதில்லை. நம் ஊர் கத்திரி வெயிலில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால் சிப் சுலபமாக 80 டிகிரியைத் தொடும். அங்கிருந்து அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அலுமினிய ஹீட் சிங்க்கும் சின்ன விசிறியும் மாட்டி, பெட்டியின் மேல் மூடியைத் திறந்தே விடுங்கள்.