காதன்மை கந்தா

மதிப்பிற்குரிய ஐயா,

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. கொழுந்தனார் மகனை ஐந்து வயதிலிருந்து வளர்த்தேன். அவன் கேட்டான் என்று பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். "இது நமக்குள்ள இருக்கட்டும் பெரியாத்தா" என்றான். என் காணி போய்விட்டது. வீட்டுக் கூடமான பட்டாலையின் தேக்குத் தூண் இரண்டும் பழம்பொருள் கடைக்குப் போய், அந்த இடத்தில் செங்கல் முட்டு நிற்கிறது. இப்போது வேலைக்கு வரும் அம்மாள் போனதும் பாத்திரங்களை எண்ணி வைக்கிறேன். யாரையும் நம்பாதே என்கிறது குறள். நம்பி உயிர் விட்டவரை நாயனார் என்கிறது பெரியபுராணம். எதை எடுத்துக்கொள்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

குறள் அப்படிச் சொல்லவில்லை. 'காதன்மை கந்தா அறிவறியார்த் தேறுதல் பேதைமை எல்லாந் தரும்' என்பது தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் 507ஆவது குறள்: அன்பையே கந்தாகக் கொண்டு, அறிய வேண்டியதை அறியாதவரை நம்பினால் எல்லா அறியாமையும் வந்து சேரும். கந்து என்பதற்குப் பற்றுக்கோடு என்று உரை சொல்வார்கள்; தூண் என்ற பொருளும் உண்டு. அன்பு வைத்ததை வள்ளுவர் குறை கூறவில்லை; ஆராய்ச்சி தாங்க வேண்டிய பாரத்தை அன்பின் மீது ஏற்றியதைத்தான் பேதைமை என்கிறார். உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இதை நன்கறிந்தவர்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தியபோது, சொந்தப் பிள்ளையே ஆனாலும் கடைநிலையில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, உதவியாளரான அடுத்தாளாகி, அதன் பிறகே கடையை நடத்தும் மேலாளாக முடிந்தது. பிள்ளை மீது பாசம் இல்லாததாலா அப்படிச் செய்தார்கள்?

மெய்ப்பொருள் நாயனார் கதையை மீண்டும் படித்துப் பாருங்கள். அரசரான அவரிடம் போரில் தோற்றுக்கொண்டே இருந்த முத்தநாதன், சிவனடியார் வேடத்தில் மேனியெல்லாம் நீறு பூசி, புத்தகக் கட்டுக்குள் கத்தியை மறைத்துத் திருக்கோவலூர் அரண்மனைக்குள் நுழைகிறான். 'மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்து' என்கிறார் சேக்கிழார். எங்கும் கிடைக்காத ஆகமம் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னவன், அதை ஓதத் தனியிடம் வேண்டும், அரசி அருகில் இருக்கலாகாது என்று கேட்கிறான். எனக்கு இந்தக் கதையில் கத்தியைவிட இந்த இடம்தான் அச்சம் தருகிறது, ஏனெனில் உங்கள் வளர்ப்பு மகன் "நமக்குள்ள இருக்கட்டும்" என்று கேட்டதும் அரசியை அறையிலிருந்து வெளியேற்றும் அதே வேலையைத்தான் செய்தது.

ஆனால் அந்த அரசர் ஏமாந்தவராக முடியவில்லை. குத்துப்பட்ட பிறகும் 'தத்தா நமர்' (தத்தா, இவர் நம்மவர்) என்று காவலன் தத்தனைத் தடுத்து, முத்தநாதனைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிட்ட செய்தி வரும்வரை உயிரைப் பிடித்திருந்தார். அவர் தொழுதது வேடத்தை, முத்தநாதனை அன்று. கொடுத்ததும் தம் உயிர். அதற்கு ஈடாக முதுமையில் ஒரு பிடி சோற்றை எதிர்பார்க்கவில்லை. நீங்களும் நானும் எதிர்பார்ப்போம். அதில் தவறும் இல்லை. ஆகவே அவருடைய வழியை நமக்கு நம்பிக்கைப் பாடமாக வைத்துக்கொள்ள நான் துணியமாட்டேன்.

அந்தப் பவரை ரத்து செய்ததாக நீங்கள் எழுதவில்லை. இன்னும் செய்யவில்லை என்றால், ஒரு வழக்கறிஞரையும் நாலு உறவினரையும் கூட வைத்துக்கொண்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

தெரிந்து தெளிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள், ஆராயாமல் நம்புவதோடு 'தெளிந்தான்கண் ஐயுறவும்', அதாவது ஆராய்ந்து நம்பியவரைச் சந்தேகிப்பதும், தீராத துன்பம் தரும் என்கிறது. வேலைக்கு வரும் அந்த அம்மாள் எத்தனை ஆண்டாக வருகிறார்? எண்ணியதில் ஒரு நாளாவது பாத்திரம் குறைந்ததா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.